பதக்கத்தில் பெயர் இல்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 10 வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். வீட்டில் உள்ள, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அதன் கதையை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். வழக்கம்போல வெற்றிலைத் தட்டு, பாக்குவெட்டி, படிக்கம், ஓரம் கறையான் தின்ற அரபுத் தமிழ்க் கிதாபு எல்லாம் வந்தன. ஒரு மாணவன் மட்டும் பழைய பவுடர் டின்னுக்குள் பஞ்சு வைத்து ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்தான்.

ஒரு பக்கம் கிரீடம் சூடிய ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் ஒரு சிங்கம், அதன் காலடியில் இரண்டு தலையுள்ள பாம்பு போன்ற ஒரு மிருகம், 1939-1945 என்ற வருடங்கள். நாடா இல்லை. வெள்ளி என்று நினைத்து ஒரு காலத்தில் வீட்டார் அதை அடகு வைக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் அது. அந்தக் கடைக்காரருக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

மாணவன் எழுதிய கதை மூன்று வரிதான். உம்மம்மாவின் வாப்பா ஆமியில் இருந்தார், பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை பிடித்தார், ராஜா பதக்கம் கொடுத்தார். யார் சொன்னது என்று கேட்டோம். மாமா என்றான்.

அந்த வீட்டுக்குப் போனோம். இந்தப் பதிவில் நாங்கள் என்பது வரலாறு படிப்பிக்கும் இரண்டு பேரும், பிறகு எங்களோடு ஒட்டிக்கொண்ட ஐந்து மாணவர்களும். மாமா பர்மாக் கதையை விரிவாகச் சொன்னார். காடு, அட்டை, மலேரியா எல்லாம் வந்தது. உம்மம்மா கதவோரம் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சண்டை ஒண்டும் புடிக்கல்ல மகன். வாப்பா ஆமில கோக்கி. பேராதெனிய பூந்தோட்டத்துல வெள்ளக்காரங்களுக்கு சமச்ச."

மாமாவின் முகம் மாறிவிட்டது. நாங்கள் செருப்புப் போடும்போது வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "சேர், அந்தக் கோக்கிக் கதைய எழுத வேணாம்."

அந்த ஒரு வசனத்தால்தான் இந்தத் தேடலே தொடங்கியது. எட்டு மாதமாகிறது. ஒரு சாதாரணச் சிப்பாயைப் பற்றிக் காகிதத்தில் என்ன மிஞ்சும், யாருக்கு மிஞ்சும், யாருக்கு மிஞ்சாது என்று பார்க்கப் புறப்பட்டோம். கண்டதை ஊருக்குச் சொல்கிறோம்.

முதலில் பதக்கம். அதன் பெயர் வோர் மெடல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அதாவது 1939 செப்டெம்பர் 3 தொடக்கம் 1945 செப்டெம்பர் 2 வரை, குறைந்தது 28 நாள் முழுநேரமாகப் படையில் இருந்த எவருக்கும் அது கிடைத்தது. வீரம் காட்ட வேண்டியதில்லை. போர்முனைக்குப் போக வேண்டியதுமில்லை. பர்மாப் போரில் இருந்தவருக்கு வேறு ஒன்று உண்டு, பர்மா ஸ்டார். அது ஆறு முனையுள்ள நட்சத்திரம். இந்த வீட்டில் நட்சத்திரம் இல்லை. தொலைந்திருக்கலாம் என்கிறார் மாமா. இருக்கலாம். ஆனால் இல்லாத பொருளை வைத்து வரலாறு எழுத முடியாது.

மறுபக்கம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்த சிவிலியன் சமையற்காரருக்கு இந்தப் பதக்கம் கொடுப்பதில்லை. ஆகவே அது அவருக்குக் கிடைத்தது என்றால் அவர் பெயர் பதிந்து, உடுப்புப் போட்டு, படையில் இருந்தவர். மாமா சொன்னதில் பாதியும் உம்மம்மா சொன்னது முழுவதும் ஒரே பதக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவர் சிப்பாய்தான். அவர் கோக்கியும்தான்.

ஆனால் அது அவருடைய பதக்கம்தான் என்று எப்படிச் சொல்வது? முதலாம் உலகப் போரில் பிரித்தானியா கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற நாடுகள் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. பிரித்தானியாவோ வெறுமையாகவே அனுப்பியது. எங்கள் மாணவன் பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு கீறலைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துக் கண்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பான் குண்டு போட்டது. அதற்கு முன்பே மலாயாவும் சிங்கப்பூரும் விழுந்துவிட்டன, பர்மா விழுந்துகொண்டிருந்தது. பர்மா போனதோடு எங்களுக்கு வந்துகொண்டிருந்த அரிசியும் போனது. பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் எங்கள் குசினிக்குள் நிலையாகக் கால் வைத்தது அந்தக் காலத்தில்தான். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூந்தோட்டத்துக்குள் கொட்டில்கள் முளைத்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த ஒரு சிறிய நகரமே அங்கே இருந்தது. அவ்வளவு பேருக்கும் மூன்று வேளை யாரோ சமைத்திருக்க வேண்டும். புத்தகங்களில் மவுண்ட்பேட்டன் இருக்கிறார். சமைத்தவர்கள் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியவில்லை. அதே காலத்தில் அமெரிக்க உளவுத்துறையின் ஒரு பிரிவும் கண்டியில் இயங்கியது. அதன் பைல்களைப் பதிந்து, அடுக்கி, பாதுகாக்கும் பொறுப்பில் இருந்தவர் ஜூலியா மெக்வில்லியம்ஸ் என்ற பெண். கண்டியில் அறிமுகமான சக ஊழியரைப் போருக்குப் பின் கல்யாணம் முடித்து ஜூலியா சைல்ட் ஆனார். பிறகு அமெரிக்காவிலேயே ஆகப் புகழ்பெற்ற சமையல் நூலாசிரியராக, தொலைக்காட்சிச் சமையற்காரராக ஆனார். 2008இல் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகம் அந்தத் துறையின் ஊழியர் பைல்களைத் திறந்தபோது அவருடையதும் வெளியே வந்தது. கண்டியில் பைல் பார்த்தவர் சமையலால் பெயர் எடுத்தார், பைலும் இருக்கிறது. கண்டியில் சமைத்த எங்கள் ஊர் மனிதருக்குப் பைலும் இல்லை, பெயரும் இல்லை.

அடுத்து யுத்த மயானத்துக்குப் போனோம். கண்டியில் தேவனி ராஜசிங்க மாவத்தையில் இருக்கிறது. முன்பு பிட்டகந்தை இராணுவ மயானம் என்று பெயர். தேவனி ராஜசிங்க என்றால் இரண்டாம் ராஜசிங்கன். அக்குறணைக்கு முதலில் வந்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்லும் மூன்று அரபிகளின் கதையில் வருகிற அதே அரசன். அந்த வீதியால் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். உள்ளே போனது இதுதான் முதல் தடவை. எங்கள் மாணவர்களில் ஒருவருக்கும் அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. சொல்ல வெட்கம், ஆசிரியர்களான எங்களுக்கும் அதன் பெயர்ப்பலகைதான் தெரியும்.

புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவ்வளவு சுத்தம். ஒரே அளவான கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 203 பேர் அங்கே அடக்கம். 107 பேர் பிரித்தானியர். 35 பேர் கிழக்காபிரிக்கர், 26 பேர் இலங்கையர், 23 பேர் இந்தியர், 6 பேர் கனடியர், 3 பேர் இத்தாலியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர், மற்ற இருவர் அடையாளம் தெரியாதவர்கள். கண்டியில் போர்முனை இருக்கவில்லை. அவர்கள் நோயிலும் விபத்திலும் போனவர்கள். அப்படிப்பட்ட மரணத்துக்கு யாரும் கதை எழுதுவதில்லை.

கிழக்காபிரிக்கர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். 1942இலிருந்தே கென்யா, உகண்டா, தங்கனீக்கா, நியாசாலாந்து பக்கங்களிலிருந்து படைகளை இலங்கையின் பாதுகாப்புக்குக் கொண்டுவந்தார்கள். 1943இல் 11ஆவது கிழக்காபிரிக்க டிவிஷன் இங்கே வந்து பயிற்சி எடுத்து, 1944இல் பர்மாவுக்குப் போய் கபாவ் பள்ளத்தாக்கு வழியாகச் சிந்த்வின் ஆறு வரை அடித்துக்கொண்டு போனது. பர்மாவில் சண்டை பிடித்தவர்கள் அவர்கள். வழியிலேயே போனவர்களும் உண்டு. 1944 பெப்ரவரி 12ஆம் திகதி மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மாலைதீவுப் பக்கத்துக் கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. கப்பலில் இருந்த 1,511 பேரில் 1,297 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கிழக்காபிரிக்கப் பீரங்கிப் படையினர். இலங்கைக்கு வரப் புறப்பட்டு, வந்து சேராதவர்கள்.

அந்தச் சிப்பாய்களைப் பற்றி எங்கள் பெரியவர்கள் சிலர் இன்றும் கதைப்பார்கள். அவர்கள் பாவிக்கும் சொல்லை வகுப்பில் நாங்கள் பாவிப்பதில்லை. ஆனால் கதையைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

மயானத்தில் கற்களை வாசித்துக்கொண்டு போகும்போது பிள்ளைகளே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். எல்லாக் கற்களும் ஒரே அளவு. எழுத்து ஒரே அளவு இல்லை. பிரித்தானியர் கற்கள் பலவற்றின் அடியில் வீட்டார் தெரிவு செய்த ஓரிரு வரிகள் இருக்கின்றன. உம்மாவோ மனைவியோ கடிதத்தில் எழுதி அனுப்பிய வரி. மற்றவர்களுடையதில் இலக்கம், பதவி, பெயர், திகதி, அவ்வளவுதான். ஒரு மாணவி கேட்டாள்: "சேர், இவங்கட உம்மாக்கு யாரும் கடிதம் போடல்லயா?"

அன்றிரவு கொமன்வெல்த் யுத்த மயான ஆணைக்குழுவின் இணையப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கொப்பியில் எழுதிவந்த பெயர்களைத் தேடினோம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பெயர், பதவி, சேவை இலக்கம், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது, கல்லறை இலக்கம் என்று வரும். அதற்குக் கீழே மேலதிக விபரம் என்று ஓர் இடம். இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இந்த ஊர். ஆங்கிலேயர் பலருக்கு அது நிரம்பியிருக்கிறது. நாங்கள் தேடிய ஆபிரிக்கர் பலருக்கு வயதுகூட இல்லை.

இது தற்செயல் அல்ல. அந்த ஆணைக்குழு 1917இல் தொடங்கியபோது பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் சமமாக நினைவுகூருவோம் என்றுதான் சொன்னது. 2021 ஏப்ரலில் அவர்களே ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். முதலாம் உலகப் போரில் இறந்த 45,000 தொடக்கம் 54,000 வரையிலான இந்தியர், ஆபிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 116,000 பேர், கூடினால் 350,000 பேர் வரை பெயரே பதியப்படாமலோ நினைவுகூரப்படாமலேயோ விடப்பட்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. குறைந்த கணக்குக்கும் கூடிய கணக்குக்கும் இடையில் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஆட்களை எண்ணக்கூட இல்லை என்பதற்கு அந்த வித்தியாசமே சாட்சி.

இனி எங்கள் கோக்கி. அவருடைய ட்ரங்குப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்றில் ஒரு இலக்கம் இருந்திருக்கிறது. நாலு எழுத்து தெரிகிறது, மிச்சம் துரு. இராணுவ ஆவணத்தில் பெயரைவிட இலக்கம்தான் பெரிய சாவி. ஆனால் மயானப் பட்டியலில் அவர் இருக்க வழியில்லை. அவர் உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். செத்திருந்தால் ஒரு கல்லும் ஒரு வரியும் கிடைத்திருக்கும்.

உயிரோடு திரும்பியவர்களை எங்கே தேடுவது? ஒரு வழி, போர் நாட்குறிப்பு. ஒவ்வொரு படைப்பிரிவும் நாளுக்கு நாள் எழுதிவைக்க வேண்டிய பதிவு அது. தென்கிழக்காசியக் கட்டளையின் கீழ் இருந்தவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 172 என்ற தொகுதியில் இருக்கின்றன. அதில் ஒரு பழக்கம். அதிகாரி லீவில் போனால் பெயரோடு எழுதுவார்கள். சிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போனால் எண்ணிக்கை மட்டும், இத்தனை ஓ.ஆர். என்று. அதர் ரேங்க்ஸ், மற்றப் பதவியினர். அதிலும் பிரித்தானியருக்கு பி.ஓ.ஆர்., இந்தியருக்கு ஐ.ஓ.ஆர்., ஆபிரிக்கருக்கு ஏ.ஓ.ஆர். பெயரை எழுத நேரம் இல்லாதவர்களுக்கு இனத்தைப் பிரித்து எழுத மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஆவணம் இருந்தும் அழிந்ததும் உண்டு. முதலாம் போரில் சண்டை பிடித்த பிரித்தானியச் சிப்பாய்களின் தாள்களில் ஏறக்குறைய 60 வீதம் 1940 செப்டெம்பரில் ஜெர்மன் குண்டு விழுந்து லண்டனில் எரிந்து போனது. மிஞ்சியவற்றை எரிந்த ஆவணங்கள் என்றே அழைக்கிறார்கள். ஆண்ட நாட்டின் சிப்பாய்க்கே அந்தக் கதி என்றால், பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அலுமாரியின் கீழ்த்தட்டை இழக்கும் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம், யாரும் தொடாமல் கிடந்து தப்பியதும் உண்டு. முதலாம் போருக்குப் போன பஞ்சாபியர் சுமார் 320,000 பேரின் விபரம் கிராமம் கிராமமாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் நூதனசாலையில் ஒரு நூற்றாண்டு தூங்கிக் கிடந்தன. 26,000 பக்கம். 2021இல்தான் அவற்றை இணையத்தில் தேடக்கூடியதாக்கத் தொடங்கினார்கள். முஸ்லிம், சீக்கியர், இந்து எல்லோரும் ஒரே பதிவேட்டில்.

வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒன்று தெளிவாகியது. சாதாரணச் சிப்பாயின் சொந்தக் குரல் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ, அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு அதிகாரி நின்றுகொண்டிருக்கிறார்.

முதலாம் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அலுவலகம் திறந்து பார்த்தது. சந்தேகத்துக்குரிய, கவனிக்க வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கை செய்தது. அந்த அறிக்கைகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிஸ்ஸி என்ற வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து 1999இல் ஒரு தொகுப்பே வெளியிட்டார். சிப்பாய் உம்மாவுக்கு உருதுவில் எழுதிய மூலக் கடிதம் கையில் இல்லை. உளவு பார்த்தவன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

பெர்லினுக்கு அருகில் வுன்ஸ்டோர்வ் என்ற இடத்தில் ஜெர்மனியர் ஒரு கைதிகள் முகாம் வைத்திருந்தார்கள். பெயர் அரைப்பிறை முகாம். பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளில் இருந்த முஸ்லிம் கைதிகளை உதுமானியப் பக்கம் திருப்ப வேண்டும் என்று 1915இல் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தார்கள். இந்தியச் சீக்கியர், இந்துக்களும் அங்கே இருந்தார்கள். ஜெர்மன் அறிஞர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, மொழி ஆராய்ச்சிக்காகக் கைதிகளைப் பேசவைத்துத் தட்டில் பதிந்தார்கள். 1916 டிசெம்பர் 11ஆம் திகதி மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் பேசியது ஒரு நிமிடம் சொச்சம்தான். தன்னைப் பற்றி நேராகச் சொல்லாமல், வெண்ணெய் தின்று வளர்ந்த ஒரு மனிதன் இந்தப் போருக்குள் வந்து மாட்டிக்கொண்டான் என்று வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம் அது. பதிவு பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையும் அமைதியாகிவிட்டது. அவர்களில் பாதிப் பேரின் வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வொய்ஸ் மெசேஜ் எல்லாம் போனில்தான்.

எங்கள் நாட்டிலும் அதே கதைதான். இரண்டாம் போரில் இலங்கைச் சிப்பாய்களைப் பற்றி நுணுக்கமாக எழுதப்பட்ட ஒரு சம்பவம் கொக்கோஸ் தீவுக் கலகம். 1942 மே 8ஆம் திகதி இரவு, அந்தத் தீவுக் கூட்டத்தில் ஹோர்ஸ்பர்க் என்ற சிறிய தீவில் பீரங்கிக் காவலில் இருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு சிறு குழு தங்கள் அதிகாரிக்கு எதிராக எழுந்தது. தீவை ஜப்பானியரிடம் கொடுப்பது எண்ணம். முயற்சி தோற்றது. ஒரு இலங்கைச் சிப்பாய் சுடப்பட்டு இறந்தார். இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. மூவரை ஆகஸ்ட் மாதம் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கோடர், பெனி டி சில்வா. அந்தப் போரில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட கொமன்வெல்த் படையினர் அந்த மூவர் மட்டுமே. அவர்கள் என்ன நினைத்தார்கள், யாரோடு என்ன கதைத்தார்கள் என்று இன்று எங்களால் வாசிக்க முடிகிறது. நோயல் குரூஸ் 2001இல் ஒரு புத்தகமே எழுதினார். விசாரணை நடந்ததால் காகிதம் உண்டானது.

சொன்னதைக் கேட்டு, சோறாக்கி, வேலை முடிய வீட்டுக்கு வந்தவருக்கு விசாரணை இல்லை, ஆகவே தாளும் இல்லை.

காப்பகத்தில் இல்லாதது வீட்டில் இருக்கும் என்பதற்கும் எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு. பிரித்தானியர் காலத்து மலாய்ப் படை, 1827இலிருந்து சிலோன் ரைபிள் ரெஜிமென்ட். 1873இல் கலைத்துவிட்டார்கள். ஆங்கில ஆவணங்களில் அவர்கள் சம்பளமும் தண்டனையும் வாங்கும் ஆட்கள். பேராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியா 1970களில் மலாய்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்த் தேடினார். அலுமாரிகளிலிருந்து அரபெழுத்தில் எழுதிய மலாய்க் கையெழுத்துப் பிரதிகள் வெளிவந்தன. பாட்டும் கதையும் மார்க்கமும். சிப்பாய்கள் படை முகாமில் இருந்துகொண்டு எழுதியவையும் பிரதி எடுத்தவையும் அவற்றில் உண்டு. கண்டி மலாய்க் குடும்பங்களில் இன்னும் எவை இருக்கின்றனவோ அல்லாஹ் அறிவான்.

தேட நினைப்பவர்களுக்கு ஓர் அனுபவம். எங்கள் பெயர்களை ஆங்கில இலிகிதர்கள் படுத்தியபாடு சொல்லி முடியாது. முஹம்மத் என்ற ஒரு பெயரை மொஹமது, மஹமது, மொஹமட், மொஹமாடு என்று பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். லெப்பை ஒரு இடத்தில் பெயரின் தொடக்கம், இன்னொரு இடத்தில் முடிவு. மலையக நாட்டு முஸ்லிம்களான எங்களுக்குச் சிங்களத்தில் கெதரப் பெயரும் உண்டு. பழைய உறுதிகளில் அந்தக் கெதரப் பெயர்தான் முன்னால் வரும். இராணுவத்தில் அதை வெட்டிவிட்டு இரண்டு இனிஷியலும் ஒரு பெயரும் மட்டும். ஆகவே ஒரே ஆள் காணி உறுதியில் ஒருவர், விவாகப் பதிவில் இன்னொருவர், படையில் மூன்றாமவர். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். நாங்கள் ஒரு முறை அவசரப்பட்டு, பெயர் ஒத்துப்போன வேறொருவரை இவர்தான் என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, பிறகு போய் மன்னிப்புக் கேட்டோம்.

இதைப் பற்றி முன்பு ஒரு சின்னப் பதிவு போட்டபோது வந்த கருத்துகளில் பலது ஒரே தொனி. எங்கள் ஆட்களும் நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று ஆதாரத்தோடு காட்டுங்கள் சேர், கேட்பவர்களுக்குப் பதில் சொல்லலாம். 2018 மார்ச்சுக்குப் பிறகு இந்தக் கேள்வி எங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று தெரியும். அந்த வாரம் நாங்களும் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள்தான். ஆனாலும் இந்தத் தேடலை அதற்குப் பாவிக்க எங்களுக்கு மனமில்லை. இலங்கையில் அந்தப் போருக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. போனவர்கள் விரும்பிப் போனார்கள். ஏன் விரும்பினார்கள் என்பதற்கு அரிசிப் பங்கீடும் மாதச் சம்பளமும் பெரிய காரணம். அது வெள்ளைக்கார ராஜாவின் போர். அதில் சமைத்ததற்காக இன்று யாரிடமும் விசுவாசச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குச் சோறு தேடிப் போன ஒருவரைத் தியாகியாக்கினால், முன்பு பெயரை எழுதாமல் விட்ட அதே அநியாயத்தை நாங்கள் வேறு விதமாகச் செய்கிறோம்.

உம்மம்மாவிடம் நான்கு தடவை போனோம். அவர் அனுமதியோடு போனில் பதிந்தோம். அவர் பிறந்ததே போர் முடிந்த பிறகு. ஆகவே எல்லாம் வாப்பா சொல்லக் கேட்டது, சிறு வயதில் கண்டது. அதையும் குறித்துக்கொண்டோம். விடிய மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டுமாம். அங்கே ஆக்கும் இறைச்சியை வாப்பா வாயில் வைக்கவில்லையாம். பாணும் பருப்பும்தான். உப்புச் சரியா என்று ருசி பார்க்க பக்கத்தில் ஒரு சிங்களச் சகோதரர் இருந்திருக்கிறார். பிறகு அவர் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்து போனவராம். வாப்பா கொண்டுவந்த ஆமி டின் ஒன்று எத்தனையோ வருடம் வீட்டில் அரிசி அளக்கும் சுண்டாக இருந்ததாம். ஒரு வெள்ளத்தில் அதுவும் போனது.

டபிள்யூ.ஓ. 172இல் இதில் ஒரு வரியும் இருக்காது.

இப்போது ஐந்து மாணவர்களும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அக்குறணை, அளவத்துகொடை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் யார் வீட்டிலாவது அந்தக் காலத்துச் சம்பளப் புத்தகம், விடுவிப்புத் தாள், உடுப்புப் பித்தான், பதக்கம், உடுப்போடு எடுத்த படம் இருந்தால் எங்களுக்குத் தர வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு செய்தி அனுப்புங்கள், பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு, கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். தேயிலை குடித்துவிட்டுத்தான் போவார்கள், அதையும் சொல்லிவிடுகிறோம். பதக்கத்தைப் புளி போட்டு மினுக்க வேண்டாம். பித்தானில் உள்ள சின்னம் தேய்ந்துவிட்டால் படைப்பிரிவைக் கண்டுபிடிக்க முடியாது.

பதிவேட்டின் முதல் பக்கம் அந்தப் பவுடர் டின் பதக்கத்துக்குத்தான். தொழில் என்ற நிரலில் என்ன எழுதுவது என்று மாணவன் பேனையோடு கேட்டான். கோக்கி என்று எழுத மாமா விரும்பவில்லை. வேறு எதையும் எழுத உம்மம்மா விடவில்லை. "அந்தச் சம்பளத்துல தான் எங்கட ஊட்டுக்கு ஓடு போட்ட. மறைக்க என்ன இருக்கு?" என்றார். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கோக்கிக்கும் ஆமியில் இலக்கம் இருந்ததா என்று எங்களைக் கேட்டார். இருந்தது என்றோம். பெட்டி மூடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, துருவை விரலால் தடவிப் பார்த்தார். ஐந்தாவது எழுத்து ஏழா ஒன்றா என்று இன்னும் தீரவில்லை.